வசனம் எடுப்பதா, வழி கேட்பதா?

டிசம்பர் 31ஆம் திகதி நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் எமது தோட்டப் பங்குகள் சிலவற்றில் ஒரு கூடை சுற்றி வருகிறது. அதற்குள் சிறுசிறு அட்டைகள். ஒவ்வோர் அட்டையிலும் விவிலிய வசனம் ஒன்று. கண்ணை மூடிக் கையை விட்டு ஓர் அட்டையை எடுத்தால், அதுவே அந்த வருடத்துக்கு ஆண்டவர் தரும் வாக்கு. ஒரு காலத்தில் பிற சபைகளில் மட்டும் காணப்பட்ட இந்த வழக்கம் இப்போது கத்தோலிக்கக் குடும்பங்களிலும் வேரூன்றிவிட்டது. வீட்டுக்கு வீடு வாசல் நிலைக்கு மேலே அந்த அட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. நாம் பார்த்த அட்டைகளில் செழிப்பும் பாதுகாப்பும் வெற்றியுமே நிறைந்திருந்தன. வயலில் அறுவடை செய்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தவர்களைக் கண்டித்து யாக்கோபு தம் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதியது எந்த அட்டையிலும் அச்சாகி நாம் கண்டதில்லை. ஆமோஸ் இறைவாக்கினருக்கும் அந்தக் கூடையில் இடமில்லை.

இதைச் சொல்வது எம்மக்களை ஏளனம் செய்வதற்காக அல்ல. அந்தக் கூடைக்குள் கையை விடும் தாயின் மனதில் இருக்கும் கேள்விகளை நாம் அறிவோம். சாதாரண தரம் எழுதிய மகளைக் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்புவதா, மேலே படிக்க வைப்பதா? பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் தானே மத்திய கிழக்குக்குப் போவதா? சேமலாப நிதிப் பணத்தைப் போட்டுத் தன் பெயரில் இல்லாத நிலத்தில் காம்பராவுக்கு முன்னால் ஓர் அறை இழுப்பதா? ஒரு நுண்கடனை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுப்பதா? நகரத்தில் இருப்பவனுக்கு இவற்றைக் கேட்டறிய வங்கி முகாமையாளரும் சட்டத்தரணியும் படித்த உறவினரும் இருக்கிறார்கள். லயத்தில் இருப்பவருக்குக் கடவுள் இருக்கிறார். ஆகவே அவரிடம் வழி கேட்பது அறியாமையல்ல. கேட்கும் முறையைப் பற்றித்தான் நாம் பேச விரும்புகிறோம்.

ஏட்டைத் திறந்து கண்ணில் பட்ட வரியை வாக்காகக் கொள்வதற்குப் புனிதர்களின் சான்று உண்டு என்பர். கி.பி. 386இல் மிலான் நகரத் தோட்டமொன்றில் அகுஸ்தீனார் ஒரு குழந்தையின் குரலைக் கேட்டுப் பவுலின் உரோமையர் திருமுகத்தைத் திறந்து வாசித்து மனம் மாறினார் என்பது உண்மையே. ஆனால் அதே அகுஸ்தீனார் பின்னாளில் ஜனுவாரியுஸ் என்பவருக்கு எழுதிய மடலில், உலக அலுவல்களுக்காக நற்செய்தி ஏட்டில் குறி பார்ப்பது தமக்குப் பிடிக்கவில்லை என்று தெரிவித்தார். இன்றைய பிரான்சு நாட்டில் 506இல் கூடிய ஆக்ட் சங்கமும் 511இல் கூடிய ஓர்லியன்ஸ் சங்கமும் இந்தப் பழக்கத்தைத் தடை செய்தன. தடை செய்ய வேண்டிய அளவுக்கு அது பரவியிருந்தது என்றுதானே பொருள்! அசிசியின் பிரான்சிசும் நற்செய்தி ஏட்டை மூன்று முறை திறந்து பார்த்தவரே. எகிப்து நாட்டு அந்தோனியாரோ கோவிலில் வாசிக்கப்பட்டதைக் கேட்டு எழுந்தவர். இவர்களுக்குக் கிடைத்த வார்த்தை என்ன? உள்ளதை விற்று ஏழைகளுக்குக் கொடு என்பதே. அவர்கள் கொடுத்தார்கள். ஏட்டைத் திறந்து வீசா கிடைத்த புனிதர் ஒருவரையும் நாம் வரலாற்றில் காணவில்லை.

இனி, வேறொரு முறையில் வழி கேட்கப்பட்டதைச் சொல்வோம். ஹப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில், லயத்து இஸ்தோப்பில் இரவில் கூடும் சிறு குழுவொன்று உண்டு. வரும் ஞாயிறன்று கோவிலில் வாசிக்கப்படவுள்ள நற்செய்தியை முன்கூட்டியே வாசித்துப் பேசுவது அவர்கள் வழக்கம். அன்று கிடைத்தது திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை (மத்தேயு 20:1-16). பொதுக்காலம் 25ஆம் ஞாயிறு, முதலாம் ஆண்டு வாசகம். அதை யாரும் தெரிந்தெடுக்கவில்லை. திருச்சபையின் வாசக அட்டவணை கொண்டுவந்து கொடுத்தது. குருமடத்தில் இந்த உவமைக்கு நாம் கற்ற விளக்கம், காலையில் வந்தவர்கள் யூதர்கள், மாலையில் வந்தவர்கள் பிற இனத்தார் என்பது. அது தவறல்ல. ஆனால் இஸ்தோப்பில் எழுந்த முதற் கேள்வி வேறு.

"சாமி, ஒரு மணி நேரம் வேல செஞ்சவனுக்கும் முழுப் பேரா போட்டாங்க?"

பேர் என்றால் என்னவென்று எமது வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குறித்த கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் நாள் முழுவதும் மலையில் நின்றவருக்கும் அரைப் பேர்தான். அந்த அரைப் பேரின் வலி தெரிந்தவர்களுக்கு இந்த உவமை பரலோகத்தைப் பற்றிய கதையாக மட்டும் கேட்கவில்லை. தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் உழைத்த பெரியவர் ஒருவர் உடனே, "காலையிலயிருந்து வெயில்ல நின்னவன் கோபப்படுறதுல என்னா தப்பு?" என்று காலையில் வந்தவர்களின் பக்கம் நின்றார். நல்ல கேள்வி. சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கைக்காசுக்கு வேலை செய்யும் ஒரு பெண், "சும்மா ஏன் நிக்கிறீங்கன்னு கேட்டதுக்கு, எங்கள யாரும் கூப்பிடலன்னு தானே சொல்றாங்க? சோம்பேறின்னு எழுதலியே" என்றார். இன்னொருவர், தோட்டக்காரர் விடியற்காலையிலிருந்து மாலை ஐந்து மணி வரை ஐந்து தடவை ஆள் தேடித் தாமே சந்தைவெளிக்குப் போனதைக் கவனித்தார். அவருக்குக் கணக்குப் பார்க்கும் ஆள் இருக்கிறான் (8ஆம் வசனம்). இருந்தும் தேடிப் போவது அவரே. துரைமார் பிரட்டுக்களத்துக்கே வராத காலத்தில் வாழ்பவர்களுக்கு இது பெரிய செய்தி. ஒரு தெனாரியம் ஒரு குடும்பத்தின் ஒரு நாள் சாப்பாட்டுக்கான கூலி என்று நாம் விளக்கியபோது, "பிந்தி வந்தவன் வீட்டுப் புள்ளைக்கு மட்டும் வயிறு பாதியா?" என்று அந்தப் பெண்ணே கேட்டார். விரிவுரைகளில் நாம் இதைப் படித்ததில்லை.

சில வாரங்கள் கழித்து நாம் அறிந்தது இது. கொழுந்து குறைந்த காலத்தில் அந்த மலையில் கிலோ நிறைத்துவிட்ட பெண்கள், பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பியிருந்த ஒருத்தியின் படங்கிலும் ஓய்வுபெற இருக்கும் ஓர் அம்மாவின் படங்கிலும் ஆளுக்கு இரண்டு கைக் கொழுந்தைப் போட்டிருக்கிறார்கள். இருவருக்கும் அரைப் பேர் விழவில்லை. யாரும் தீர்மானம் நிறைவேற்றவில்லை. கணக்கப்பிள்ளை பார்த்தும் பாராதவர் போல் நிறுத்துவிட்டார். தொழிற்சங்கப் பெரியவருக்கு மட்டும் இது இன்னும் பிடிக்கவில்லை. இது தருமம், உரிமையல்ல. கிலோவைக் குறைக்கும்படி கேட்பதை விட்டுவிட்டு ஒருவர் சுமையை ஒருவர் மறைத்துக்கொண்டால் நிர்வாகத்துக்கே வசதி என்கிறார் அவர். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அந்த விவாதம் அந்த இஸ்தோப்பில் இன்றும் முடியவில்லை.

இதையே இறைவழிநடத்தல் என்று நாம் துணிந்து கூறுவோம். எமக்கு வசதியான வசனம் தெரிந்தெடுக்கப்படவில்லை. எதிர்த்துப் பேசும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. கேட்டவர்களுக்கு அது இரண்டு கைக் கொழுந்து செலவை வைத்தது. பலன் போய்ச் சேர்ந்தது அந்த மலையில் மிகவும் பலவீனமான இருவருக்கு. அட்டைக்கூடையில் இந்த நான்கில் ஒன்றும் நிகழ வாய்ப்பில்லை. ஏழு படிகளில் இறைவார்த்தையைப் பகிரும் முறையொன்றைத் தென்னாபிரிக்காவின் லும்கோ நிலையம் வகுத்தது. ஆசியா எங்கும் அது பரவியது. எமது குழுக்களும் கற்றன. நல்ல முறை. ஆனால் ஆறாம் படியாகிய, ஆண்டவர் எம்மிடம் எதைச் செய்யக் கேட்கிறார் என்ற கேள்விக்கு வரும்போது பெரும்பாலும் தேநீர் வந்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எளிய மக்களின் கையில் வேதாகமத்தைக் கொடுத்து அவர்கள் சொல்வதைக் கேட்பது எமது மறைமாவட்டத்துக்குப் புதிதல்ல. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில், வேதாகமம் விசுவாசிகள் அனைவருக்கும் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்டது. 1972இல் பதுளை தனி மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயராக வந்தவர் லியோ நாணயக்கார ஆண்டகை. 1959 முதல் கண்டியின் ஆயராக இருந்தவர், அந்தப் பெரிய மறைமாவட்டத்தை விட்டு இந்த வறிய மலைகளுக்கு வந்தார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய சேவக செவன, பணியாளர்களை மக்களிடமிருந்து பிரித்து உயர்ந்த மதிலுக்குள் வளர்க்காமல் மக்களோடு வைத்துப் பயிற்றுவிக்கும் முயற்சி. அங்கு அவருடன் பணியாற்ற வந்தவர்களுள் ஒருவர் அமலமரித் தியாகிகள் சபையின் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ. இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர், கண்டித் தேசிய குருமடத்தில் கற்பித்தவர். 1980இல் அவர் கீழ் ஊவாவுக்கு இறங்கி, புத்தளை அருகே சிங்கள பௌத்த விவசாயிகளின் கிராமமொன்றில் 'சுப செத் கெதர' என்ற சிறு இல்லத்தை அமைத்துக் குடியிருந்தார். கரும்புத் திட்டங்களால் நிலம் இழந்தவர்களோடு நின்றார். யாரையும் மதம் மாற்ற முனையவில்லை; விகாரைப் பிக்குமாரோடு நட்புக் கொண்டிருந்தார்.

1987இல் நாட்டின் தென்பகுதியெங்கும் அச்சம் சூழ்ந்திருந்தது. சுப செத் கெதரவுக்கும் மிரட்டல்கள் வந்தன. போய்விடுவதா, இருப்பதா என்ற கேள்வியை அவரும் உடனிருந்தவர்களும் தனியே முடிவு செய்யாமல் இறைவார்த்தையின் முன்னும் ஒருவர் முன் ஒருவரும் வைத்துச் சிந்தித்தார்கள். இருப்பதென்று தீர்மானித்தார்கள். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இறைவார்த்தையைக் கேட்டு நடந்தால் ஆபத்து அணுகாது என்று போதிப்பவர்கள் இந்த மறைமாவட்டத்தில் அதைப் போதிக்கும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது.

வேதாகமம் எம்மக்களுக்கு எதிராகவும் வாசிக்கப்பட்டதுண்டு. 1854இல் சீர்திருத்தத் திருச்சபையினர் தோட்டத் தமிழருக்கென மிசன் ஒன்றைத் தொடங்கியபோது தோட்டத்துரைமாரின் ஆதரவு அதற்கு இருந்தது. உபதேசியார்கள் பிரட்டுக்களத்திலேயே பிரசங்கம் செய்தார்கள். எழுத்தறிவைக் கொடுத்தவர்கள் அவர்கள். அதற்கு நாம் நன்றி சொல்வோம். ஆனால் துரையின் காதும் கேட்கும் களத்தில் விடுதலைப்பயணத்தின் பார்வோன் கதையை எவ்வளவு தூரம் சொல்லியிருக்க முடியும்? பிற்காலத்திலும் அப்படித்தான். 1948இல் குடியுரிமை பறிபோய், 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. பிறந்த மண்ணை விட்டுத் தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்ட குடும்பங்களுக்கு, சொந்த நாட்டை விட்டுப் புறப்பட அழைக்கப்பட்ட ஆபிரகாமை எடுத்துக்காட்டி ஆறுதல் கூறுவது சுலபம். ஆபிரகாமைக் கடவுள் பெயர் சொல்லி அழைத்தார். எம்மக்களை இரண்டு பிரதமர்கள் எண்ணிப் பிரித்தார்கள். அழைப்பு வேறு, அனுப்பிவைத்தல் வேறு.

இந்த வேறுபாட்டை எமக்கு மிகக் கொடூரமாகக் கற்பித்தது மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் தப்பினார்கள். வீடும் பெற்றோரும் இல்லாமற்போன பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். பலரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்த நாட்களில் ஆறுதல் சொல்ல வந்தவர்களின் வாயில் இரண்டு வார்த்தைகள் அடிக்கடி வந்தன: கடவுளின் சித்தம்.

ஆண்டவர் இயேசு இத்தகைய கேள்வியொன்றைச் சந்தித்திருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததை லூக்கா 13ஆம் அதிகாரம் சொல்கிறது. இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதில் கூறி, உயிரோடு இருப்பவர்கள் மனம் மாற வேண்டும் என்றார். மீரியபெத்தையில் யார் மனம் மாற வேண்டும்? அந்த மண் உறுதியற்றது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போக இடமிருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் நின்றுகொள்ளச் சொந்தமாக ஓர் அடி நிலமில்லாத மக்கள், எங்கே போவார்கள்? தப்பியவர்களுக்குப் புது வீடுகள் கைக்கு வர 2016 ஆயிற்று.

திருப்பாடல் 91 எம்மக்களுக்கு மிகவும் பிரியமானது. மழைக்காலத்தில் இரவில் அதைச் சொல்லிவிட்டுப் படுப்பவர்கள் ஏராளம். அது நல்ல செபம். ஆனால் நற்செய்தியில் அந்தத் திருப்பாடலை எடுத்துச் சொல்பவன் அலகை என்பதையும் மறக்கக் கூடாது (மத்தேயு 4:6). கோவிலின் உச்சியில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று வசனம் காட்டுகிறான். இயேசு அந்த வசனத்தை மறுக்கவில்லை. கடவுளைச் சோதிக்க மாட்டேன் என்று வேறொரு வசனத்தால் அதற்கு எல்லை போட்டார். சுவரில் வெடிப்பு விழுந்த காம்பராவில், ஊற்று திடீரெனக் கலங்கி ஓடும் சரிவில், வசனத்தை நம்பிப் படுத்துறங்கு என்று யாரேனும் சொன்னால், அந்த ஆலோசனை எவனுடையது என்று மத்தேயு எழுதி வைத்திருக்கிறார்.

அப்படியானால் அருட்தந்தை மைக்கல் ஏன் போகவில்லை என்று வாசகர் கேட்கலாம். அவருக்குப் போக இடமிருந்தது. போக முடிந்தவர், போக முடியாத மக்களுக்காக இருந்தார். மீரியபெத்தை மக்களுக்கோ இருப்பதா போவதா என்ற தெரிவே கொடுக்கப்படவில்லை. தெரிவு உள்ளவனிடம்தான் வழி கேள் என்று சொல்ல முடியும். தெரிவு இல்லாதவனிடம் இறைசித்தத்தைப் பொறுமையோடு ஏற்றுக்கொள் என்பது, தெரிவைப் பறித்தவனுக்குச் செய்யும் சேவை. ஆகவே 7 பேர்ச் காணிக்கும் உறுதிக்கும் மனுக் கொடுப்பதை ஆன்மீகத்துக்குப் புறம்பான வேலையாக நாம் கருதுவதில்லை. எம்மக்கள் கடவுளிடம் உண்மையாகவே வழி கேட்கக்கூடிய நிலைக்கு வருவதற்கு அது முன்தேவை.

மலைகள் இன்னும் அடங்கவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் லயன்கள் சரிவில் சேதமாகின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தில் எத்தனை இடங்களில் மண் சரிந்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். இந்நிலையில், எமது இறைவார்த்தைக் குழுக்கள் சிலவற்றில் நடக்கும் ஒன்றை மற்றப் பங்குகளுக்கும் முன்வைக்கிறோம்.

மழைக்காலத்தில் கூட்டம் தொடங்குமுன் மழைமானியில் அன்றைய அளவைப் பார்த்து, வேதாகமத்தோடு வைத்திருக்கும் கொப்பியில் எழுதுகிறார்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 என்றால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 என்றால் வெளியேற வேண்டும். மழைமானி இல்லாத தோட்டத்தில் கிராம உத்தியோகத்தரிடமோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடமோ ஒன்று கேட்கலாம். பிறகு வாசகம், மௌனம், பகிர்வு. ஆறாம் படிக்கு வரும்போது கேள்வி தயாராக இருக்கிறது. மூன்றாம் லயத்தில் நடக்க முடியாத பாட்டியை யார் தூக்குவது? புள்ளைக்காம்பராவில் எத்தனை பிள்ளைகள்? கோவிலையும் பள்ளிக்கூடத்தையும் எந்த வீட்டார் திறப்பது? ஒரு குழுவில் இப்படிப் பேசியபோதுதான், இரவில் பள்ளிக்கூடத்தின் சாவி எட்டு மைல் தொலைவில் பட்டணத்தில் குடியிருக்கும் ஒருவரிடம் இருக்கிறது என்பது தெரியவந்தது. இப்போது இரண்டாவது சாவியொன்று லயத்தில் இருக்கிறது. வரும் ஐப்பசி மழைக்கு முன்னர் உங்கள் தோட்டத்துச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து எமக்கு எழுதுங்கள்.